தனியார் கல்விக் கடனைத் திவால் சட்டத்தின் விலக்குப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்: அமெரிக்க நாடாளுமன்ற நீதித்துறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பிரதிநிதிகள் அவையிலும் செனட் அவையிலும் நீதித்துறைக் குழுக்களில் இடம்பெற்றிருக்கும் உங்களிடம், கல்விக் கடனைத் திவாலில் எளிதில் தீராத கடன்களின் பட்டியலில் வைத்திருக்கும், அமெரிக்கத் திவால் சட்டத்தின் 523(ஏ)(8) என்ற ஒரே ஒரு கூறைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அரசு நேரடியாகக் கொடுத்த கல்விக் கடனையும் அரசு உத்தரவாதம் அளித்த கடனையும் திவாலில் எப்படி நடத்துவது என்பது வேறு விவாதம். அதில் இரு பக்கமும் நியாயம் பேசுவோர் இருக்கிறார்கள். வங்கிகளும் பிற தனியார் நிறுவனங்களும் லாபத்துக்காகக் கொடுக்கும் கல்விக் கடனைக் கிரெடிட் கார்டு கடனோடும் மருத்துவமனை பில்லோடும் ஒன்றாக வைத்து, திவாலானவருக்கு அதிலிருந்தும் விடுதலை கிடைக்கும்படி அந்தக் கூறைத் திருத்துங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நான் நியூ ஜெர்சியில் குடியிருக்கும் வாக்காளன். சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். ஆகவே அடுத்தவர் வீட்டுக் கடன் தாள்கள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. இம்மடலைத் தமிழில் எழுதுவது உங்களில் யாரையும் சங்கடப்படுத்துவதற்காக அன்று. ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். இந்தக் கடன்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களில் அப்பாக்களும் சித்தப்பாக்களும் தாய்மாமன்களும் நிறைய இருக்கிறார்கள், இந்தியாவிலிருந்து படிக்க வரும் மாணவருக்கு இங்கே குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ உள்ள ஒருவரின் கையெழுத்து இல்லாமல் பெரும்பாலான அமெரிக்கக் கடன் நிறுவனங்கள் பணம் தருவதில்லை என்பதால், தாங்கள் போட்ட கையெழுத்தின் கனம் என்னவென்று அவர்களும் தம் மொழியில் படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

இந்தக் கூறு எப்படி வளர்ந்தது என்பதை உங்கள் அவைகளின் பழைய ஏடுகளே சொல்லும். 1976 வரை கல்விக் கடனும் மற்றக் கடன்களைப் போலவே திவாலில் தீர்ந்தது. மருத்துவமும் சட்டமும் படித்த இளைஞர்கள் பட்டம் வாங்கிய கையோடு திவால் மனுப் போட்டு அரசுப் பணத்தை ஏப்பம் விடுகிறார்கள் என்ற பேச்சு அப்போது பரவியிருந்தது. அந்த ஆண்டின் கல்வித் திருத்தச் சட்டம், அரசு உத்தரவாதம் பெற்ற கடனைத் தவணை தொடங்கி 5 ஆண்டு ஆகும்வரை திவாலில் விடுவிக்கலாகாது, தாங்கொணா இன்னல் என்று நிரூபித்தால் மட்டும் விடுவிக்கலாம் என்று விதித்தது. பேச்சு உண்மையா என்று பார்த்தால், திவாலில் தீர்க்கப்பட்டவை மொத்தக் கல்விக் கடன்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 1977-இல் பிரதிநிதிகள் அவையின் குழு அறிக்கையே குறிப்பிட்டது. இருந்தும் 1978-இல் இயற்றிய இன்றைய திவால் சட்டத்துக்குள் அந்த விதிவிலக்கு குடியேறிவிட்டது. 1984-இல், லாப நோக்கமற்ற நிறுவனம் பணம் போட்ட திட்டங்களின் கீழ் வரும் கடனுக்கும் அது நீண்டது. 1990-இல் 5 ஆண்டு 7 ஆண்டாயிற்று. 1998-இல் ஆண்டுக் கணக்கே எடுபட்டு, இன்னல் என்ற ஒற்றை வழி மட்டும் மிஞ்சியது. 2005 ஏப்ரலில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையொப்பமிட்டு அக்டோபர் 17-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திவால் திருத்தச் சட்டம், அரசோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனியார் கல்விக் கடனையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டது.

முதல் நான்கு மாற்றங்களுக்கும் ஏதோ ஒரு வகையில் பொதுநலக் காரணம் காட்ட முடியும்: வரிப்பணம் திரும்பி வந்தால்தான் அடுத்த ஆண்டு மாணவருக்குக் கொடுக்கலாம், அரசு கடன் கொடுக்கும்போது மாணவரின் கிரெடிட் ஸ்கோரையோ வேலை வாய்ப்பையோ பெரும்பாலும் பார்ப்பதில்லை, வட்டியையும் சட்டமே நிர்ணயிக்கிறது. ஐந்தாவது மாற்றத்துக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. தனியார் நிறுவனம் ஸ்கோரைப் பார்க்கிறது, அதற்கேற்ப வட்டியை ஏற்றுகிறது, பல ஒப்பந்தங்களில் அந்த வட்டி சந்தையோடு சேர்ந்து மாறவும் செய்கிறது, போதாக்குறைக்கு ஜாமீன்தாரரையும் கேட்கிறது. கடன் திரும்பாமல் போகலாம் என்ற ஆபத்துக்கு விலை வைத்து அதை வட்டியாக மாதாமாதம் வாங்கிக்கொள்பவருக்கு, அந்த ஆபத்தே நேராதபடி சட்டமும் காவல் நின்றால், அந்த வட்டி எதற்கான விலை என்ற கேள்விக்கு 2005-இல் வாக்களித்தவர்கள் யாராவது விடை சொல்ல வேண்டும்.

சட்டம் வந்தபின் சந்தையில் நடந்ததை நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகமும் கல்வித் துறையும் சேர்ந்து 2012 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் காணலாம். 2001-இல் 5 பில்லியன் டாலருக்கும் குறைவாக இருந்த தனியார் கல்விக் கடன் வழங்கல் 2008-இல் 20 பில்லியனைத் தாண்டியது. நிதி நெருக்கடிக்குப்பின் 2011-இல் 6 பில்லியனுக்கு விழுந்தது. கடன்களை மூட்டையாகக் கட்டி முதலீட்டாளர்களுக்கு விற்கும் வணிகம் செழித்த அந்த ஆண்டுகளில், கல்லூரியைக் கேட்காமலே மாணவரிடம் நேரடியாகக் கொடுத்த இளநிலைக் கடன்களின் பங்கு 2005-க்கும் 2007-க்கும் இடையில் 18 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காட்டுக்கு மேலே ஏறியது. கல்லூரியைக் கேட்டிருந்தால், இந்த மாணவருக்கு இன்னும் அரசுக் கடன் வரம்பு மீதமிருக்கிறது, அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அறிக்கை எழுதப்பட்டபோது 8,50,000-க்கு மேற்பட்ட தனியார் கடன்கள் தவணை தவறிக் கிடந்தன. இளம் கடனாளிகள் மீதான விளைவைக் கருதித் திவால் சட்டத்தை மறுபரிசீலனை செய்யும்படி இரு அமைப்புகளும் அப்போதே காங்கிரஸைக் கேட்டுக்கொண்டன.

எந்தக் கடன் இந்தப் பூட்டுக்குள் வரும் என்பதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தானே வரையறுக்கவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 221-ஆம் பிரிவிலிருந்து தகுதிபெற்ற கல்விக் கடன் என்ற வரையறையைக் கடன் வாங்கிக்கொண்டது. என் தொழிலில் அன்றாடம் புழங்கும் பிரிவு அது. கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டியில் ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 டாலரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகையைத் தருவதற்காக எழுதப்பட்டது. 12 விழுக்காடு வட்டியில் 40,000 டாலர் தனியார் கடன் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 4,800 டாலர் வட்டி கட்டுகிறார். அதில் 2,300 டாலருக்குக் கழிவு கிடையாது, வருமானம் வரம்பைத் தாண்டினால் மீதிக்கும் கிடையாது. இந்த அரைகுறைச் சலுகைக்காக வகுத்த வரையறையே அவருடைய திவால் உரிமையைப் பறிக்கும் கருவியாகவும் வேலை செய்கிறது என்பதை, கட்டிய கல்விக் கடன் வட்டியைக் காட்டும் 1098-இ படிவத்தை நீட்டும் எவரிடமும் நான் இதுவரை புரியவைக்க முடிந்ததில்லை.

இனி, விடுதலைக்கு இருக்கும் ஒரே வழியான தாங்கொணா இன்னல் என்பதைப் பார்ப்போம். அது என்னவென்று காங்கிரஸ் விளக்கவே இல்லை. மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சில மாநிலங்களுக்கு ஒன்றாக வட்டங்களாகப் பிரிக்கப்பட்டவை. 1987-இல் நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் புரூனர் வழக்கில் மூன்று நிபந்தனைகளை வகுத்தது: கடனைக் கட்டினால் குறைந்தபட்ச வாழ்க்கைத் தரம்கூட மிஞ்சாது என்று காட்ட வேண்டும், அந்த நிலை தவணைக் காலத்தின் பெரும்பகுதிக்கு நீடிக்கும் என்று காட்ட வேண்டும், கட்ட முயன்றதில் நேர்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். எங்கள் நியூ ஜெர்சியை உள்ளடக்கிய மூன்றாம் வட்டமும் 1995-இல் இதையே ஏற்றது. நாட்டின் பெரும்பகுதி இன்றும் இந்த அளவுகோலில்தான் நிற்கிறது; எட்டாம் வட்டமோ சூழ்நிலை முழுவதையும் பார்க்கும் வேறு முறையைப் பின்பற்றுகிறது. இரண்டாவது நிபந்தனையைச் சில நீதிமன்றங்கள் நம்பிக்கைக்கே இடமில்லை என்ற உறுதி வேண்டும் என்ற அளவுக்கு இழுத்தன. 5 ஆண்டோ 7 ஆண்டோ கழித்துத் தானாகவே விடுதலை உண்டு என்றிருந்த காலத்தில், அதற்கு முன்பே கேட்பவரைச் சோதிக்க எழுந்த அளவுகோல் இது. காத்திருப்புக் காலம் 1998-இல் ஒழிந்தபின்னும் அந்தக் கடுமை மட்டும் ஒழியவில்லை.

நிபந்தனையைவிட நடைமுறையே பலரைத் திருப்பி அனுப்புகிறது. சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் முறையான, திவால் சட்டத்தின் 7-ஆம் அத்தியாயத்தின் கீழ் மனுப் போட்டவருக்கு மற்றக் கடன்கள் சில மாதங்களில் ஓர் உத்தரவோடு தீர்கின்றன. கல்விக் கடனுக்கோ அதே நீதிமன்றத்தில் கடன் நிறுவனத்தை எதிர்த்துத் தனி வழக்குத் தொடுக்க வேண்டும். நீதிமன்ற அழைப்பாணையை அந்த நிறுவனத்திடம் முறைப்படி சேர்ப்பிக்க வேண்டும். நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்கும் மருத்துவ ஏடுகளையும் வேலை தேடிய சான்றுகளையும் ஒப்படைத்து, விசாரணைக்கும் போய் நிற்க வேண்டும். கையில் காசில்லை என்று நீதிமன்றம் ஏறியவர், காசில்லை என்பதை நிரூபிக்க இரண்டாவது வழக்கறிஞர் கட்டணத்துக்கு எங்கே போவார்? சட்டப் பேராசிரியர் ஜேசன் யூலியானோ 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கல்விக் கடனோடு திவாலானவர்களில் ஆயிரத்தில் ஒருவர் அளவிலேயே அந்த வழக்கைத் தொடுத்தார்கள். தொடுத்தவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்கு முழுமையாகவோ பகுதியாகவோ விடுதலை கிடைத்தது. அந்த 40 விழுக்காட்டைக் காட்டி, சட்டம் நன்றாகத்தான் இயங்குகிறது என்று வாதிடுவோர் உண்டு. மீதி 999 பேர் ஏன் வாசற்படி ஏறவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை.

என் மேசைக்கு வந்த ஒரு தம்பதியரின் தாள்களைச் சொல்கிறேன். மகளின் இளநிலைப் படிப்புக்கு அரசுக் கடன் வரம்பு போதாமல் ஒரு தனியார் நிறுவனத்தில் வாங்கிய கடனுக்குத் தகப்பனார் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு மகளுக்கு நோய் வந்து வேலை நின்றது. இவருக்கும் மென்பொருள் வேலை போயிற்று. வீட்டுச் செலவு கிரெடிட் கார்டில் ஏறி, கடைசியில் தகப்பனார் 7-ஆம் அத்தியாயத்தில் மனுப் போட்டார். அவர் என்னிடம் நீட்டியவை இரண்டு தாள்கள். ஒன்று நீதிமன்றத்தின் விடுவிப்பு உத்தரவு. அந்த அச்சுப் படிவத்தின் விளக்கப் பகுதியில் எந்தெந்தக் கடன்கள் தீரவில்லை என்று ஒரு பட்டியல் உண்டு: மணமுறிவுக்குப்பின் கொடுக்க வேண்டிய குடும்பப் பராமரிப்புத் தொகை, பெரும்பாலான கல்விக் கடன்கள், பெரும்பாலான வரிகள், குற்றத்துக்காக விதிக்கப்பட்ட அபராதங்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆளைக் கொன்றதற்கோ காயப்படுத்தியதற்கோ தர வேண்டிய இழப்பீடு. மற்றொன்று அதற்கு அடுத்த வாரமே கடன் நிறுவனத்திடமிருந்து வந்த தவணைக் கடிதம். அசல் வாங்கியதைவிட நிலுவை அதிகமாகியிருந்தது. "தம்பி, கோர்ட்டு எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லுது, இவங்க இன்னும் இருக்குன்னு சொல்றாங்க, இதுல எது சரி?" என்று கேட்டார். இரண்டும் சரிதான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நிலுவை ஏறுவதன் கணக்கு எளிது. மேலே சொன்ன 40,000 டாலருக்கு ஈராண்டு எதுவும் கட்டாமல், வட்டி ஆண்டுக்கொருமுறை அசலோடு சேர்ந்தால், மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் 50,176 டாலர் ஆகிவிடும். அரசுக் கடன் என்றால் வருமானத்துக்கேற்பத் தவணையைக் குறைக்கும் திட்டங்கள் சட்டத்திலேயே உண்டு. உடல் முற்றிலும் செயலிழந்தால் தள்ளுபடி உண்டு. தனியார் கடனில் இவை நிறுவனத்தின் தயவு. காங்கிரஸ் 2018-இல் ஒரு நல்ல காரியம் செய்தது: அதன்பின் வாங்கும் தனியார் கடன்களில் மாணவர் இறந்தால் ஜாமீன்தாரரை விடுவிக்க வேண்டும் என்று விதித்தது. பிள்ளை உயிரோடிருந்து திவாலானால் தகப்பனுக்கு விடுதலை இல்லை என்ற நிலை அதனால் மாறவில்லை. ஜாமீன் போட்ட பெற்றோர் தாம் படிக்கவில்லையே என்று வாதிட முடியாதா என்றால், மூன்றாம் வட்ட நீதிமன்றம் 1993-இலேயே பெல்கோவ்ஸ்கி வழக்கில் அந்த வாதத்தை மறுத்துவிட்டது. 2011-இல் புதிதாக வழங்கிய தனியார் கடன்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஜாமீன்தாரரோடுதான் வழங்கப்பட்டன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இந்தக் கூறு ஓய்வுக் காலத்தை நெருங்குபவர்களின் வீட்டுக்குள்ளும் போய்விட்டது.

திவாலுக்கு வெளியே பேரம் பேசிக் கடனைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். குறைத்துக்கொடுத்த தொகைக்கு, கைவிடப்பட்ட கடனை வரித் துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவம் வரும். அதை வருமானமாகக் கருதி வரி கேட்கப்படலாம். கல்விக் கடன் தள்ளுபடிகளுக்குப் பரவலாகக் கிடைத்த வரி விலக்கு 2021 முதல் 2025 முடியவே இருந்தது. திவாலில் தீர்ந்த கடனுக்கு அந்த வரி கிடையாது. ஆகவே திவால் நீதிமன்றம் என்பது கடனாளிக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு முழுமையான தீர்வு.

2022 நவம்பரில் நீதித் துறையும் கல்வித் துறையும் அரசுக் கடன்களுக்குப் புதிய வழிகாட்டு நெறியை வெளியிட்டன. கடனாளி வரவு செலவை ஓர் உறுதிமொழிப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால், அரசு வழக்கறிஞர் அதைச் சரிபார்த்து, இன்னல் உண்மையானால் எதிர்க்காமல் ஒத்துக்கொள்ளலாம். இதன்வழி மனுச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முழுதாகவோ பகுதியாகவோ விடுதலை கிடைத்திருக்கிறது. ஆனால் தனியார் நிறுவனத்தின் வழக்கறிஞரை இந்த நெறி கட்டுப்படுத்தாது. வரிப்பணத்தைக் காக்க எழுந்த விதிவிலக்கு, இன்று வரிப்பணத்தின் பொறுப்பாளர் இரங்கக்கூடிய இடத்திலும் தனியார் லாபத்தின் பொறுப்பாளர் இரங்க வேண்டாத இடத்திலும் வந்து நிற்கிறது. 1976-இல் இதைத் தொடங்கியவர்கள்கூட இப்படி ஒரு முடிவை எண்ணியிருக்க மாட்டார்கள்.

நீதிமன்றங்கள் தம்மால் இயன்ற அளவு சட்டத்தின் எழுத்துக்குள் நின்று சில கடன்களை வெளியே எடுத்திருக்கின்றன. 2019-இல் ஐந்தாம் வட்டமும், 2020-இல் பத்தாம் வட்டமும், 2021-இல் இரண்டாம் வட்டமும், கல்லூரி கணக்கிட்ட படிப்புச் செலவுக்கு மேலே கொடுத்த தனியார் கடனும், அங்கீகாரமில்லாத நிறுவனங்களில் படிக்கவோ வழக்கறிஞர் தேர்வுக்குத் தயாராகவோ கொடுத்த கடனும் போன்றவை தகுதிபெற்ற கல்விக் கடன் என்ற வரையறைக்குள் வராவிட்டால், அந்தக் கூறின் வேறு சொற்களைக் காட்டி அவற்றைப் பூட்ட முடியாது, அவை மற்றக் கடன்களைப் போலவே தீரக்கூடியவை என்று ஒரே குரலில் கூறின. நல்லது. ஆனால் தம் கடன் எந்த வகை என்று கடனாளிக்குத் தெரிவதில்லை, விடுவிப்பு உத்தரவில் அது எழுதப்படுவதும் இல்லை. உத்தரவால் தீர்ந்துபோன கடனுக்கும், கடன் கணக்கை நிர்வகித்து வசூலிக்கும் சில சேவை நிறுவனங்கள் தவணை வசூலித்துவந்ததைக் கண்டதாக நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2023 மார்ச்சில் எச்சரிக்க நேர்ந்தது. இந்தக் குழப்பத்தை வழக்கு வழக்காக நீதிபதிகள் தீர்க்கக் காத்திராமல் சட்டத்தின் ஒரு வரியில் நீங்கள் தீர்க்கலாம்.

2005-க்கு முந்திய நிலைக்குத் திரும்பினால் போதும் என்று சிலர் சொல்வதை இங்கே நான் மறுக்க வேண்டியிருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் லாப நோக்கமற்ற நிறுவனம் என்ற சொற்கள் அப்படியே நின்றால், லாப நோக்குள்ள கடன் நிறுவனம் ஒரு லாப நோக்கமற்ற அமைப்பிடம் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு பாதுகாப்புக்குள் நுழைந்துவிடும். இது கற்பனை அன்று. பாஸ்டனில் இயங்கிய டெரி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இப்படிப் பெருந்தொகையான தனியார் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. அந்த உத்தரவாதத்தைக் காட்டியே அக்கடன்களை விடுவிக்க முடியாது என்று பல நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அதே டெரி 2008 ஏப்ரலில் தானே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிற்று. உத்தரவாதம் கொடுத்தவருக்குக் கிடைத்த திவால் பாதுகாப்பு, அந்த உத்தரவாதத்தாலேயே மாணவருக்குக் கிடைக்காமல் போனதைச் சட்டப் புத்தகத்தின் நகைச்சுவை என்று நான் ரசித்திருப்பேன், அந்தக் கடன்கள் இன்னும் வசூலுக்கு வந்துகொண்டிராவிட்டால்.

இப்போது ஏன் அவசரம் என்பதற்கும் காரணம் உண்டு. 2025 ஜூலை 4-ஆம் தேதி சட்டமான வரவு செலவுச் சட்டத்தின்படி, மேற்படிப்புக்கு முழுச் செலவையும் கடனாகத் தந்துவந்த கிராட் பிளஸ் திட்டம் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு மூடப்படுகிறது. மேற்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர். பெற்றோர் வாங்கும் பிளஸ் கடனுக்குப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்புகள் வந்துவிட்டன. அரசுக் கடனுக்கு வரம்பு வைத்ததை நான் குறை சொல்லவில்லை. கடன் தாராளமாகக் கிடைத்தால் கல்லூரிக் கட்டணமும் ஏறும் என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் நான்கு ஆண்டுச் செலவு அந்த 2,00,000 டாலருக்குள் அடங்குவது அரிது, மிச்சத்துக்கு மாணவர் போகக்கூடிய இடம் தனியார் நிறுவனம்தான். நீங்களே ஒரு சட்டத்தால் மாணவரைத் தனியாரிடம் அனுப்பிவைத்துவிட்டு, இன்னொரு சட்டத்தால் அங்கிருந்து வெளியேறும் வழியை அடைத்து வைத்திருப்பது முறையாகாது.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்றே: விடுதலை கிடைக்கும் என்றால் கடன் நிறுவனங்கள் வட்டியை ஏற்றும், ஏழை மாணவருக்குக் கடனே கொடுக்காது என்பது. ஓரளவு அப்படி நடக்கும் என்றே நானும் நினைக்கிறேன். திருப்பிக் கட்ட முடியாத கடனைக் கொடுக்கத் தயங்குவதைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். கட்டணத்துக்கும் வேலை வாய்ப்புக்கும் தொடர்பே இல்லாத படிப்புக்கு எவரும் கடன் தராவிட்டால், அந்தக் கல்லூரி கட்டணத்தைப் பற்றி யோசிக்க வேண்டிவரும். கிரெடிட் கார்டும் வாகனக் கடனும் திவாலில் விடுவிக்கப்படுகின்றன. அதனால் அந்தச் சந்தைகள் அழிந்துவிடவில்லை. வேண்டுமென்றே ஏமாற்றுபவர்களைப் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. பொய்த் தகவல் தந்து வாங்கிய கடன் திவாலில் தீராது என்ற விதி 523-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. திவால் முறையை முறைகேடாகப் பயன்படுத்தும் மனுவைத் தள்ளுபடி செய்ய நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. வருமானம் உள்ளவர் 7-ஆம் அத்தியாயத்துக்குள் எளிதில் நுழையாதபடி வருமானச் சோதனை வைத்ததும் அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டம்தான். இவ்வளவுக்குப் பிறகும் பட்டம் வாங்கிய மறுநாள் மனுப் போடும் மருத்துவரை நினைத்துத் தூக்கம் வராதவர்கள் இருந்தால், தவணை தொடங்கியதிலிருந்து ஒரு குறுகிய காத்திருப்புக் காலத்தை வைத்துக்கொள்ளுங்கள். அது 1976-இல் போதும் என்று கருதப்பட்ட 5 ஆண்டைத் தாண்ட வேண்டாம்.

உங்கள் முன்னே மசோதாக்கள் இல்லாமலில்லை. டென்னசியின் ஸ்டீவ் கோஹன் பிரதிநிதிகள் அவையிலும் இல்லினாயின் டிக் டர்பின் செனட்டிலும் தனியார் கடனை விலக்குப் பட்டியலிலிருந்து எடுக்கும் மசோதாக்களை 2010 முதல் மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார்கள்; அவை குழுவுக்கு அனுப்பப்பட்டு, அவையின் காலம் முடிந்ததும் காலாவதியாயின. 2021-இல் டர்பினும் டெக்சஸின் ஜான் கார்னினும் கட்சி எல்லை கடந்து சேர்ந்து ஒரு மசோதா கொடுத்தார்கள். அது அரசுக் கடனுக்கு 10 ஆண்டில் விடுதலை தந்தது, தனியார் கடனையோ பழைய இன்னல் விதியிலேயே விட்டுவிட்டது. இரு கட்சியும் ஒத்துக்கொண்ட அரிய தருணத்தில் தவறான பாதியைத் திறந்தார்கள் என்பது என் கருத்து. திவால் சட்ட வல்லுநர்களின் அமைப்பான அமெரிக்கத் திவால் நிறுவனம் அமைத்த ஆணையம் 2019 ஏப்ரலில் தந்த பரிந்துரையே இவற்றில் செம்மையானது: அரசு கொடுத்த அல்லது அரசு உத்தரவாதம் அளித்த கடன் மட்டும், அதுவும் கடனாளி தம் சொந்தப் படிப்புக்கு வாங்கியது மட்டும், அதுவும் தவணை தொடங்கி 7 ஆண்டு ஆகாதது மட்டும் விலக்குப் பட்டியலில் இருக்கட்டும் என்றது அது. தனியார் கடனும் ஜாமீன்தாரரின் பொறுப்பும் ஒரே வீச்சில் வெளியே வந்துவிடுகின்றன.

அந்தப் பரிந்துரையின் சொற்களை எடுத்து மசோதாவாக்குங்கள். எழுதும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் சட்டமான நாளுக்குப்பின் தாக்கலாகும் எல்லா மனுக்களுக்கும் பொருந்தட்டும். அந்நாளுக்குப்பின் வாங்கிய கடனுக்கு மட்டும் என்று எழுதினால், இன்று நொடிந்து நிற்கும் ஒருவருக்கும் அது உதவாது. முன்பே திவாலாகி, கல்விக் கடன் மட்டும் மிஞ்சி நிற்பவர்கள், 7-ஆம் அத்தியாயத்தில் மறுபடி விடுதலை பெற 8 ஆண்டு காத்திருக்காமல், பழைய வழக்கை மீண்டும் திறந்து அந்தக் கடனைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி வையுங்கள். ஒரு கடன் அரசுக் கடன் வகையைச் சேர்ந்தது என்று நிரூபிக்கும் சுமை கடன் நிறுவனத்துடையது என்றும், நிரூபிக்காவிட்டால் விடுவிப்பு உத்தரவு அதையும் உள்ளடக்கும் என்றும் வெளிப்படையாக எழுதுங்கள்.

அடுத்த அமர்வுக் காலத்தில் துணைக்குழு விசாரணை ஒன்றை நடத்தும்படியும் கேட்டுக்கொள்கிறேன். 2009-இல் பிரதிநிதிகள் அவையின் நீதித்துறைத் துணைக்குழு இதே பொருளில் விசாரணை நடத்தியது. அதற்குப்பின் ஒரு தலைமுறை மாணவர் கடன் வாங்கிவிட்டார்கள். சாட்சிகளில் கடன் நிறுவனங்களின் சார்பாளர்களும் பேராசிரியர்களும் வழக்கம்போல இருப்பார்கள். அவர்களோடு ஜாமீன் கையெழுத்துப் போட்ட பெற்றோர் ஒருவரையும், திவால் நீதிமன்றத்தில் கடனாளிகளுக்காக அன்றாடம் நிற்கும் வழக்கறிஞர் ஒருவரையும் அழையுங்கள். தனியார் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் திவாலில் எத்தனை வழக்குகளை எதிர்த்தன, எத்தனைக்கு இணங்கின, ஜாமீன்தாரரிடமிருந்து எவ்வளவு வசூலித்தன என்ற கணக்கை விசாரணைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
நியூ ஜெர்சியிலிருந்து வரிப் படிவம் நிரப்பும் ஒரு வாக்காளன்